இலவச யோசனையையும் எடை போட்டே வாங்குவோம்



நம் கடைகளுக்கு இப்போது ஒரு புதிய வகை ஆலோசகர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இவர்கள் சம்பளம் கேட்பதில்லை, கமிஷன் கேட்பதில்லை. மகனாக இருப்பார், மருமகனாக இருப்பார், கல்லூரி விடுமுறைக்கு வந்த பேத்தியாகவும் இருப்பார். "பிரீசருக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டால் கரண்ட் மிச்சமாகும், கேமராவை வைஃபையில் போட்டால் வீட்டிலிருந்தே கல்லாவைப் பார்க்கலாம், உடைந்த பிளாஸ்டிக் சாமானை த்ரீ டி பிரிண்டரில் நாமே செய்துகொள்ளலாம்" என்று வரிசையாகச் சொல்கிறார்கள். எங்கே கற்றாய் என்று கேட்டால், பொழுதுபோக்காக இவற்றைச் செய்து பார்ப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள், அவர்கள் எழுதியதைப் படித்தேன், வீடியோவில் பார்த்தேன் என்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் நம்மில் ஒரு சாரார் "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று விரட்டிவிடுகிறோம். இன்னொரு சாரார், பிள்ளை சொல்லிவிட்டான் என்று அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுகிறோம். இரண்டுமே வியாபாரி செய்கிற காரியம் அல்ல. மாதிரிச் சரக்கு வந்தால் கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, பிறகுதான் நாம் விலை பேசுவோம். யோசனைக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொழுதுபோக்கு ஆர்வலர்களின் பேச்சு, விற்க வருகிறவர்களின் பேச்சை விடப் பல மடங்கு மேலானது. சொந்தக் காசில் வாங்கி, கழற்றிப் பார்த்து, எது புகைந்தது, எது மூன்றே மாதத்தில் செத்தது என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்பவர்கள் அவர்கள். எந்தக் கம்பெனி ஏஜெண்ட் அப்படிச் சொல்வான்? ஆகவே அவர்களுடைய நேர்மையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் தம் வீட்டில் சோதித்துப் பார்த்தது. அதுவும் பல சமயம் மின்சாரம் போவதே அபூர்வமான தேசத்து வீட்டில். நாமோ அந்த யோசனையை உள்ளூர்க் கடையில், ஊரார் வாங்கிச் சாப்பிடும் சரக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறோம். யோசனை நல்லதாகவே இருந்தாலும் இடம் மாறும்போது எடை குறைகிறது.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரருக்குப் போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடி மூடி போட்ட ஐஸ்கிரீம் பிரீசர் வைத்திருக்கிறார். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்ப்பதற்காகப் பையன் ஒரு ஸ்மார்ட் பிளக்கை மாட்டினான். பிளக் நல்ல பிளக்தான். சனிக்கிழமை இரவு கடையைப் பூட்டிய பிறகு மின்சாரம் போய், இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. தெருவில் எல்லோருக்கும் விளக்கு எரிந்தது. பிளக் மட்டும் அணைந்தே இருந்தது. காரணம் இதுதான்: மின்சாரம் போய்த் திரும்பினால் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்று அந்தப் பிளக்குக்குள் ஓர் அமைப்பு இருக்கிறது. அது "அணைந்த நிலை" என்று இருந்திருக்கிறது. ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் காலை வந்து ஷட்டரைத் தூக்கினால் பிரீசருக்குள் பாயசம். ஏறக்குறைய 18,000 ரூபாய்ச் சரக்கு. மறுபடி உறைய வைத்து விற்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் அவ்வளவையும் குப்பையில் கொட்டினார். அவரை நான் மதிப்பது அதற்காகத்தான். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

பையன் படித்த யோசனையில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் வீட்டில் மின்தடையே கிடையாது. ஆகவே அதைப் பற்றி எழுத அவருக்குத் தோன்றவில்லை. நமக்குத் தோன்ற வேண்டும் அல்லவா? ஸ்மார்ட் பிளக் வைத்திருப்பவர்கள் இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மேசை விளக்கை அதில் மாட்டி எரியவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்கு தானாக எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால், போனில் அந்த அமைப்பைத் தேடி மாற்றிவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.

பிரீசருக்கு இதைப் போடவே வேண்டாம் என்பது என் கட்சி. காரணங்கள் வேறும் உண்டு. கம்ப்ரஸர் ஓடும்போது இழுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் கிளம்புகிற நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பிளக்குக்குள் இருப்பது தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு ரிலே. நாள் முழுவதும் இந்த அடியை வாங்கி வாங்கி, ஒரு நாள் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது போனில் "அணைந்துவிட்டது" என்று காட்டும், ஆனால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று: கம்ப்ரஸர் நின்றால் மறுபடி கிளம்ப மூன்று முதல் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். நம் ஸ்டெபிலைசர்களில் அதற்காகவே ஒரு தாமதம் வைத்திருப்பார்கள். ஸ்டெபிலைசருக்குப் பிறகு இந்தப் பிளக்கை மாட்டி, போனில் விளையாட்டாக அணைத்து உடனே போட்டால், அந்தத் தாமதம் வேலை செய்யாது. கம்ப்ரஸர் முக்கி முக்கி நிற்கும். 16 ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து இதையெல்லாம் முடிவு செய்ய முடியாது. உங்கள் வயர்மேனைக் கேளுங்கள்.

போர்டு லைட்டுக்குப் போடுங்கள், ஷோகேஸ் விளக்குக்குப் போடுங்கள், தாராளமாகப் போடலாம். ஆனால் மாலை ஆறு மணிக்கு எரிந்து இரவு பத்துக்கு அணைய ஒரு சாதாரண டைமர் சுவிட்சே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு வைஃபையும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

இதில் ஆர்வலர்களே தங்களுக்குள் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். பிரீசர் போன்ற சாமானைக் கருவி கொண்டு "கவனி", "கட்டுப்படுத்தாதே" என்கிறார்கள். பார்த்துச் சொல்கிற கருவி பழுதானால் நமக்குச் செய்தி வராது, அவ்வளவுதான், சரக்கு கெடாது. கட்டுப்படுத்துகிற கருவி பழுதானால் சரக்கே போய்விடும். ஆகவே பிரீசருக்குள் வெப்பமானி ஒன்றை வைத்து, குளிர் குறைந்தால் போனில் மணி அடிக்கும்படி செய்துகொள்வது நல்ல யோசனை. வாங்கும்போது, நீண்ட வயரின் நுனியில் உணர்வி உள்ளதாகப் பார்த்து, வயரை மூடியின் ரப்பர் இடுக்கு வழியாக உள்ளே விட்டு, பாட்டரி உள்ள பெட்டியை வெளியே வையுங்கள். கடுங்குளிரில் சிறு பாட்டரிகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். மின்சாரம் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. எந்த நேரத்தில் செய்தி வேண்டுமோ அந்த நேரத்தில் தூதுவன் தூங்கிவிட்டால் என்ன பயன்? வைஃபை பெட்டிக்கு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு இணைப்பு கொடுத்துவிட்டுத்தான் இந்த ஏற்பாட்டை நம்ப வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் தொழிலுக்கு இந்தச் சாமான்களில் மிகவும் உதவக்கூடியது பிளக்கும் அல்ல, கேமராவும் அல்ல. காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவிதான். வத்தல், மல்லி, பருப்பு, வெல்லம் என்று கிட்டங்கியில் அடுக்கி வைத்திருக்கிற நமக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் வயிற்றில் நெருப்பு. வெல்லம் கசியும், வத்தலில் பூசணம் ஏறும், மூடையைப் பிரித்த பிறகுதான் விஷயம் தெரியும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 65, 70 என்பதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தானியத்தில் பூசணத்துக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று பொருள். இதைக் காட்டும் சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. போனுக்குச் செய்தி அனுப்பும் வகை கொஞ்சம் கூடுதல். மூடை அடுக்குக்கு நடுவிலும், தெற்குச் சுவரோரம் ஒன்றும், வாசலோரம் ஒன்றும் வைத்துப் பாருங்கள். ஒரே கிட்டங்கிக்குள் இடத்துக்கு இடம் எண் மாறுவது தெரியும். எந்த மூலையில் வெல்லத்தை அடுக்கக் கூடாது என்பதை அது சொல்லிவிடும்.

ஆனால் விலை மலிவான கருவிகளை நம்ப முடியாது. பிள்ளைகள் நூறு இருநூறு ரூபாய்க்கு வாங்கித் தாங்களே இணைக்கும் டிஎச்டி 11 என்ற நீல நிற உணர்வி, செய்தவர்கள் கணக்குப்படியே ஐந்து எண் கூடவோ குறையவோ காட்டும். 65 என்று அது காட்டினால் உண்மையில் 70 ஆகவும் இருக்கலாம். தராசைப் படிக்கல் வைத்துச் சோதிப்பது போல இதைச் சோதிக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஆர்வலர்களிடமிருந்து நான் தெரிந்துகொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அதற்கு வேண்டிய சாமான் நம் கடையிலேயே இருக்கிறது, அது உப்பு.

சோடா மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவிலோ தடித்த பாலிதீன் பையிலோ வைத்து மூடி, நிழலில் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். கருவியின் மேல் உப்புத் தண்ணீர் படக் கூடாது. ஈர உப்புக்குமேல் அடைபட்ட காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 என்ற அளவில் வந்து நிற்கும். வெயில் காலமானாலும் மழைக் காலமானாலும் நம் ஊர்ச் சூட்டில் இது ஏறக்குறைய மாறாது. உப்புக்கு உள்ள இயற்கை அது. மறுநாள் பார்க்கும்போது கருவி 75 காட்டினால் அது யோக்கியமான கருவி. 69 காட்டினால், இனிமேல் அது காட்டும் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதன் நெற்றியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று கருவிகளை ஒன்றாக வைத்துச் சோதித்தால் எது பொய் சொல்கிறது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். இவ்வளவுக்கும் செலவு ஒரு கரண்டி உப்பு!

இனி, இந்தக் கருவிகளை வாங்கும்போது விற்பவர் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நாம் போனில் ஒரு பொத்தானைத் தொட்டால், அந்தக் கட்டளை நேராக நம் கடைப் பிளக்குக்குப் போவதில்லை. பெரும்பாலான சாமான்களில் அது எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி நம் கடைக்கு வருகிறது. அந்தக் கம்பெனி கடையை மூடிவிட்டால்? அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு பெட்டி, 300 டாலர் விலை. வீட்டுக் கருவிகளையெல்லாம் ஒன்றாக இணைப்பது. 2014-இல் கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15-ஆம் தேதியோடு அந்தப் பெட்டிக்கான சேவையை நிறுத்திவிட்டது. பெட்டியில் பழுது ஒன்றுமில்லை. ஆனால் அன்று முதல் அது வெறும் பெட்டி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனி, வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமலே தன் கம்ப்யூட்டர்களை நிறுத்திவிட்டது. சுவரில் உள்ள சுவிட்சைக் கையால் அழுத்தினால் விளக்கு எரிந்தது. போனில் அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. பிறகு, வாடிக்கையாளர்களிலேயே சிலர் சேர்ந்து அந்த வியாபாரத்தை வாங்கி மறுபடி ஓட்டினார்கள் என்பது தனிக்கதை.

ஆனால் அதே இன்ஸ்டியான் சாமானை வைத்திருந்த ஆர்வலர்கள் பலருக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. அவர்கள் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளைத் தங்கள் வீட்டிலேயே ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரில் போட்டு, கட்டளை வீட்டைவிட்டு வெளியே போகாதபடி வைத்திருந்தார்கள். 2013-இல் பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தன் வீட்டு விளக்குகளுக்காக எழுதத் தொடங்கியது அது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்க்கிறார்கள். சரக்கு நம் கிட்டங்கியில், சாவி இன்னொருவர் மடியில் என்றால் எந்த வியாபாரியாவது நிம்மதியாகத் தூங்குவானா? ஆர்வலர்கள் இருபது வயதிலேயே இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இண்டர்நெட் இல்லாவிட்டால் இது வேலை செய்யுமா?" என்பதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வியாபாரிகள் மின்சாரமும் போன் சிக்னலும் இல்லாமல் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு கேளுங்கள். ஷட்டருக்கும் பூட்டுக்கும் போனில் திறக்கிற வசதி வைக்கிறவர்கள், கையால் திறக்கிற சாவியையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

ஹோம் அசிஸ்டென்ட் எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் போட்டுத் தருகிற பையன் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டால், பிறகு அதைத் தொடுவதற்கு ஆள் வேண்டும். போட்டுத் தந்தவர் யாராக இருந்தாலும், என்ன செய்திருக்கிறார், பாஸ்வேர்டு என்ன என்பதை ஒரு நோட்டில் எழுதி வாங்கி, கல்லாவில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய காரியமா?

கேமரா விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-இல் மிராய் என்ற ஒரு திருட்டு மென்பொருள், உலகெங்கும் கேமராக்களையும் வைஃபை பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அது பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. கம்பெனிக்காரர்கள் போட்டு அனுப்பும், யாரும் மாற்றாத சுமார் 60 பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மணிக்கணக்கில் முடங்கியதற்கு நம்மைப் போன்றவர்கள் மாட்டிய கேமராக்களும் காரணம். ஆகவே கேமரா மாட்டியவுடன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாட்ட வந்தவரையே "அட்மின்" என்று போட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கிற வைஃபை வேறு, கேமராவும் பிளக்கும் இருக்கிற வைஃபை வேறு என்று பிரித்து வைக்க இப்போதைய பெட்டிகளிலேயே வசதி உண்டு. கல்லாவுக்கு மேலே மாட்டும் கேமரா, வாடிக்கையாளர் போனில் ரகசிய எண் அடிக்கும் விரலைப் பார்க்காத கோணத்தில் இருக்கட்டும். நம் கடைக்கு வருகிற பெண்கள் நம்மை நம்பித்தான் போனை எடுக்கிறார்கள்.

அடுத்தது பிளாஸ்டிக் அச்சு. த்ரீ டி பிரிண்டர் என்பது வேறொன்றுமில்லை, முறுக்கு பிழிகிற வேலைதான். ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் கம்பியை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஊசி போன்ற வாய் வழியாகப் பிழிந்து, மெல்லிய அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றிச் சாமானை உருவாக்குகிறது. இந்த முறைக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்று காப்புரிமை வைத்திருந்தது. 2009-இல் அது முடிந்தது. அதற்கு முன்பே, 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பவர், தன் உதிரிபாகங்களைத் தானே செய்துகொள்ளும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் தரும் முயற்சியைத் தொடங்கிவிட்டார். அதன் வழிவந்த இயந்திரங்கள்தான் இன்று இருபதாயிரம் ரூபாய் அளவில் பிள்ளைகளின் மேசைக்கு வந்திருக்கின்றன.

இதனால் நமக்கு லாபம் உண்டு. ஷெல்ஃபில் விலைச்சீட்டு மாட்டும் கிளிப், கியூஆர் அட்டை நிற்கும் தாங்கி, பணம் வந்ததைச் சொல்லும் பேசும் பெட்டிக்கு ஸ்டாண்டு, பிரீசரின் கண்ணாடி மூடியை நகர்த்தும் கைப்பிடி, பில் ரோல் மாட்டும் தண்டு, வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிடி. இவையெல்லாம் உடைந்தால் கம்பெனியில் உதிரியாகத் தர மாட்டார்கள், முழு சாமானையும் வாங்கச் சொல்வார்கள். இப்போது ஒரு கைப்பிடிக்கு ஆகும் பிளாஸ்டிக் ஐம்பது கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ கம்பிச் சுருள் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பிளாஸ்டிக்கில் ரகம் உண்டு. பொன்னியும் ஐஆர் இருபதும் ஒன்றா? பிள்ளைகள் பெரும்பாலும் அச்சடிப்பது பிஎல்ஏ என்ற ரகம். சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் செய்வது. அச்சடிக்கச் சுலபம், பார்வைக்கு அழகு. ஆனால் 60 டிகிரி சூட்டில் இளகிவிடும். மேற்கு பார்த்த கடையில் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு பிஎல்ஏ தாங்கியை வைத்தால் சித்திரை வெயிலில் அது கும்பிடு போடும். பூட்டிய வேனுக்குள் விட்டால் கேட்கவே வேண்டாம். வெயில் படும் இடத்துக்குப் பிஇடிஜி என்ற ரகத்தையோ, இன்னும் உறுதி வேண்டுமானால் ஏஎஸ்ஏ ரகத்தையோ கேளுங்கள். இன்னொரு சங்கதி: அடுக்கடுக்காகச் செய்த சாமான், மரத்தை நார்வாக்கில் பிளப்பது போல, அடுக்கு சேரும் இடத்தில்தான் பிளக்கும். பளு தொங்கும் கொக்கியை நிற்க வைத்து அச்சடித்திருக்கிறார்களா, படுக்க வைத்து அச்சடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். படுக்க வைத்ததுதான் தாங்கும். அப்படியும் பிஎல்ஏ கொக்கியில் நாள் முழுக்கப் பத்து கிலோவைத் தொங்கவிட்டால் சூடே இல்லாமலும் மெல்ல மெல்ல வளைந்துவிடும்.

சரக்கைத் தொடுகிற எதையும் இதில் செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். பருப்பு அள்ள, சீனி அள்ள அழகாக ஒரு கரண்டி அச்சடித்துத் தருகிறேன் என்பான் பையன். சுருளின் மேல் "உணவுக்கு ஏற்றது" என்று எழுதியிருப்பதையும் காட்டுவான். கம்பி ஏற்றதாக இருக்கலாம். ஆனால் அச்சடித்த சாமானில் அடுக்குக்கு அடுக்கு கண்ணுக்குத் தெரியாத வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. மாவும் ஈரமும் அதில் தங்கிக் கிருமிக்கு வீடாகும். கொதிநீரில் கழுவலாம் என்றால் கரண்டி நெளிந்துவிடும். கம்பி உருகி வரும் பித்தளை வாயில் சிறிதளவு ஈயம் கலந்திருப்பதும் உண்டு. ஒரு துணுக்கு உடைந்து துவரம்பருப்பில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அச்சடித்தவர் அல்ல, விற்ற நாம்தான். எவர்சில்வர் கரண்டி என்ன விலைக்கு வந்துவிட்டது?

தராசு விஷயம் இதைவிடப் பெரிது. எலக்ட்ரானிக் தராசைத் திறந்து சரி செய்வது எப்படி, எடையைத் திருத்தி அமைப்பது எப்படி என்று ஆர்வலர்கள் விவரமாகச் செய்து காட்டுகிறார்கள். வீட்டுச் சமையலறைத் தராசுக்கு அது சரி. நம் தராசில் முத்திரை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின்படி எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்தான் அதைத் திறக்கலாம். திறந்தால் மறுமுத்திரை வேண்டும். பையன் நல்லெண்ணத்தோடு, உடைந்த தட்டுத் தாங்கிக்குப் பதில் ஒன்றை அச்சடித்து உள்ளே வைத்தான் என்பதை முத்திரை ஆய்வாளரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்டுக்கொண்டாலும், வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் கேட்டுக்கொள்வாரா? நாற்பது வருடம் சேர்த்த பெயர் ஒரு பிளாஸ்டிக் துண்டில் போய்விடும். தராசின் வெளிப்புறத்துக்குத் தூசி மூடி அச்சடித்துக்கொள்ளுங்கள், அத்தோடு சரி.

அச்சடிக்கும் இயந்திரத்தைக் கடையிலோ கிட்டங்கியிலோ வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒரு சாமான் முடிய ஐந்து மணி, ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே இரவில் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். 200 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஒன்றைச் சாக்குக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவில் தனியாக விட்டுப் போவதா? 2023 ஆகஸ்டில், சீனாவின் ஷென்சென் நகரத்துப் பாம்பூ லேப் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்பட்ட கோளாறால், வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த பிரிண்டர்கள் ஆள் இல்லாத நேரத்தில் தாமாகவே அச்சடிக்கத் தொடங்கின. முன்பே முடிந்த சாமான் தட்டில் இருக்க, அதன்மேலேயே போய் இடித்துக்கொண்டவையும் உண்டு. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அதே கம்பெனி தன் ஏ 1 ரக இயந்திரங்களை, சூட்டுத்தட்டின் வயர் பழுதாகித் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாகத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது நேர்மை. ஆனால் அதுவரை அவை ஓடிக்கொண்டுதானே இருந்தன? இயந்திரம் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும், கண் முன்னால் ஓடட்டும், வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணையுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதினாலும், பிள்ளைகளை விரட்டுகிறவர்கள் பக்கம் நான் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் கடைப்பக்கம் வருவதே இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்புகிறோம். கல்லாவில் உட்காரச் சொன்னால் ஓடுகிறவன், கிட்டங்கியில் ஈரமானி மாட்ட ஏணி எடுத்துக்கொண்டு வருகிறான். வந்தவனுக்கு வத்தலின் நெடியும் மூடையின் ஈரமும் கொஞ்சம் பழகட்டுமே. அவனுக்குக் கருவி தெரியும், நமக்குச் சரக்கு தெரியும். எந்த யோசனையைக் கொண்டுவந்தாலும், "கரண்ட் போனால் என்ன ஆகும், கம்பெனி மூடினால் என்ன ஆகும், வாடிக்கையாளர் தட்டில் என்ன விழும்" என்று அவனிடமே கேட்டுப் பதில் தேடி வரச் சொல்லுங்கள். தேடி வருவான்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குக் கடை ஒரு பிரிண்டர் வாங்குவதை விட, சங்கக் கட்டிடத்தில் ஒன்று வைத்து, எந்தெந்தக் கிளிப், கைப்பிடி நம் கடைகளில் அடிக்கடி உடைகிறது என்று பட்டியல் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுப்பான இரண்டு இளைஞர்களைக் கொண்டு அச்சடித்துக் கொடுக்கலாம். அந்த நாளில் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரையும் அழைத்து, உறுப்பினர்கள் வைத்திருக்கும் ஸ்மார்ட் பிளக்குகளைச் சோதித்துத் தரச் சொல்லலாம். ஈரமானி வைத்திருப்பவர்கள், ஐப்பசி மழை தொடங்குமுன் உப்புச் சோதனை செய்து, வந்த எண்ணைக் கருவியின்மேல் எழுதி எடுத்துக்கொண்டு வந்தால், அன்றே எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். உப்பு நான் கொண்டுவருகிறேன்.